அன்டூ வேலை செய்யவில்லையா? முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் கடைக்குப் பென்டிரைவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் கேட்பார்கள். "பின்னால நிக்கிற கூட்டத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிடுங்க, என் மகன் மட்டும் எடுப்பா தெரியணும்." பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு மாடிக் கடையில் படம் திருத்தி அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எடுத்த காவடிப் படங்களில் பின்னணி சும்மா இருக்காது. தண்ணீர்ப் பந்தல், ஒலிபெருக்கி, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த பத்து இருபது கைகள். அத்தனையையும் அடக்கி மயிலிறகுக் காவடியை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் ஃபோட்டோஷாப்பில் மாஸ்க், அதாவது வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கும் திரை, போட்டே ஆக வேண்டும்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி இப்படி ஒரு படத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்ல, "அண்ணே, அன்டூ கெட்டுப்போச்சுண்ணே" என்றார்.

போய்ப் பார்த்தேன். வலது பக்க இறகுகளின் ஓரத்தைத் தாண்டிப் பிரஷ் போயிருந்தது. அதைக் கவனிக்காமலே கீழே வேட்டி வரை வந்துவிட்டு, பிறகு பார்த்திருக்கிறார். செய்ததைப் படிப்படியாகத் திரும்பப் பெறும் அன்டூவுக்காகக் கண்ட்ரோல்-இசட்டைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஓரிடத்தில் நின்றுவிட்டது, அதற்குப் பின்னால் போகவே மாட்டேன் என்கிறது. பிரஷ்ஷாவது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு புள்ளி வைத்திருக்கிறார். சரி, அழித்ததையாவது திரும்ப எடுப்போம் என்று கண்ட்ரோல்-ஒய்யைத் தட்டியிருக்கிறார். அழித்தது திரும்பவில்லை, படத்தின் நிறம்தான் மங்கிப்போனது. அதோடு கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஃபோட்டோஷாப்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பத்து நிமிடத்துக்குள் அவர் மூன்று தனித்தனிக் குழிகளில் விழுந்திருந்தார், அவ்வளவுதான். மாஸ்க் வேலைக்குப் புதிதாக வரும் எல்லாரும் ஒருநாள் இதே குழிகளில் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். அவருக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் விசைகளைத்தான் சொல்கிறேன்; மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்ற இடத்தில் கமாண்டையும், ஆல்ட் என்ற இடத்தில் ஆப்ஷனையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகும் சாயமும்

பாத்தேக் துணி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகைப் பூசுவார்கள். அதன்மேல் சாயத்தைப் போட்டால் மெழுகு இருக்கும் இடத்தில் ஏறாது. கடைசியில் வெந்நீரில் போட்டால் மெழுகு உருகிப் போய்விடும், அடியில் துணி அப்படியே இருக்கும். லேயர் என்பது படத்தின்மேல் அடுக்கி வைக்கும் ஒரு தாள் மாதிரி; அதற்குப் போடும் லேயர் மாஸ்க்கும் அப்படித்தான். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடத்தில் அந்த லேயர் தெரியாது. வெள்ளை பூசிய இடத்தில் முழுதாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் பாதி தெரியும், பாதி மறையும். எவ்வளவு கறுப்பு பூசினாலும் அடியில் இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

தம்பி செய்த வேலையில், படத்தின்மேல் வெளிச்சத்தை மட்டும் மாற்றும் கர்வ்ஸ் என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கியிருந்தார். அதன் மாஸ்க்கில் காவடிக்காரர் நிற்கும் இடம் முழுக்கக் கறுப்பு பூசினால் அங்கே மட்டும் இருட்டு ஏறாது. முறை சரியானது. பூசும்போது ஓரம் தாண்டியதால் இறகுகளைச் சுற்றிக் கூட்டமும் வெளிச்சமாகத் தெரிந்தது. அதுதான் கோளாறு.

முதல் படி: கறுப்பு எங்கே விழுகிறது?

அன்டூ பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சரி பார்க்க வேண்டும். லேயர் பலகத்தில் மாஸ்க் போட்ட ஒவ்வொரு லேயருக்கும் படத்தின் சின்னப் பெட்டி ஒன்று, மாஸ்க்கின் சின்னப் பெட்டி ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எந்தப் பெட்டியைச் சுற்றிச் சட்டம் இருக்கிறதோ அதில்தான் உங்கள் பிரஷ் பூசுகிறது. அந்தச் சட்டம் மெல்லியதாக இருக்கும். எங்கள் கடையின் பழைய மானிட்டரில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் நான் மேலே பார்ப்பேன். படத்தின் பெயர் வரும் டேபில், மாஸ்க் தேர்வாகியிருந்தால் லேயர் மாஸ்க் என்றும் 8 என்றும் காட்டும். படம் தேர்வாகியிருந்தால் ஆர்ஜிபி என்று காட்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. மாஸ்க்கில் இருக்கும்போது கருவிப் பட்டையில் உள்ள இரண்டு நிறப் பெட்டிகளும் கறுப்பு, வெள்ளை, சாம்பலுக்குள்ளேயே நிற்கும். அங்கே சிவப்பு தெரிந்தால் நீங்கள் மாஸ்க்கில் இல்லை. மாஸ்க்குக்குப் போகக் கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ், படத்துக்குத் திரும்பக் கண்ட்ரோல்-2.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கூந்தல் ஓரத்தை மாஸ்க் போட்டுச் சரி செய்துகொண்டிருந்தேன். நடுவில் எப்போதோ படத்துப் பெட்டியைக் கிளிக் செய்திருக்கிறேன். கறுப்புக் கூந்தல்மேல் கறுப்பு பூசினால் திரையில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை. சேமித்தேன், மூடினேன், அச்சுக்கு அனுப்பினேன். அச்சாகி வந்த பக்கத்தில் மல்லிகைச் சரத்துக்குக் கீழே தார் பூசியதுபோலத் தட்டையாக ஓர் இடம். கோப்பை மூடிய பிறகு அன்டூ என்று ஒன்று கிடையாது. மூலப்படம் தனியாக இருந்ததால் தப்பித்தேன். அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிட்ட செலவு என் கையிலிருந்து போனது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. இருட்டாக்க, வெளிச்சமாக்க, நிறம் மாற்ற என்று எது வேண்டுமானாலும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில்தான் செய்வேன். அதில் பூசுவதற்குப் படமே கிடையாது, மாஸ்க் மட்டும்தான். தவறான பெட்டியைக் கிளிக் செய்தாலும் பிரஷ் மாஸ்க்கில்தான் விழும். புதியவர்கள் இதில் தொடங்குவது நல்லது.

பூசியும் ஒன்றுமே மாறவில்லை என்றால், அன்டூவைத் தட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மாஸ்க் பெட்டியின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறதா? ஷிஃப்ட் விசையோடு கிளிக் பட்டு மாஸ்க் அணைந்திருக்கிறது. மறுபடி ஷிஃப்ட்-கிளிக் செய்தால் உயிர் வரும். அது இல்லையென்றால் முன்பு எங்கோ ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து வைத்த செலக்‌ஷன் மிச்சமிருக்கலாம். கண்ட்ரோல்-எச் அழுத்தினால் செலக்‌ஷனின் ஓடும் கோடு கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் செலக்‌ஷன் இருந்துகொண்டே இருக்கும். அதற்கு வெளியே பிரஷ் பூசாது. கண்ட்ரோல்-டி அழுத்தி அதை நீக்கி விடுங்கள். அணைந்த மாஸ்க்கில் இருபது முறை பூசி, ஒன்றும் தெரியவில்லை என்று இருபது முறை அன்டூ செய்து, அன்டூவும் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்டூ ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பையில் எத்தனை அன்டூ?

மவுஸை அழுத்திப் பூசி விரலை எடுத்தால் அது ஒரு படி. மறுபடி அழுத்தினால் அடுத்த படி. ஃபோட்டோஷாப் இப்படிக் கடைசி 50 படிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளில் 20தான். 51-வது பூச்சு விழுந்ததும் முதல் பூச்சு நினைவிலிருந்து போய்விடும்.

மற்ற வேலைகளுக்கு 50 தாராளம். மாஸ்க்குக்கு அது ஒரு மிடறு தண்ணீர். இறகு ஓரத்தில் ஒரு பூச்சுக்கு 3 விநாடி என்று வைத்துக்கொண்டால் 50 பூச்சுக்கு 150 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம். தம்பி இறகில் தவறு செய்து, வேட்டி வரை வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். தவறு நடந்த இடத்துக்கு அன்டூ எட்டவே எட்டாது. அவர் விழுந்த முதல் குழி இது.

எண்ணைக் கூட்டலாம். எடிட் மெனுவில் ப்ரெஃபரன்சஸ், அதில் பர்ஃபார்மன்ஸ், அங்கே ஹிஸ்டரி ஸ்டேட்ஸ். 1000 வரை போகும். இப்போது எங்கள் கடைக் கணினிகளில் 200 வைத்திருக்கிறேன். பிரஷ் பூச்சு சின்னதாக இருப்பதால் அதற்கு நினைவகம் அதிகம் போகாது. முழுப் படத்தின் மேலும் ஓடும் ஃபில்டர்தான் ஒவ்வொரு படிக்கும் நிறைய இடம் பிடிக்கும். பெரிய கோப்பில் அப்படி நாலைந்து ஓட்டினால் 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட கணினியென்றால் 100-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விண்டோ மெனுவில் ஹிஸ்டரி பலகத்தைத் திறந்து எப்போதும் கண்ணில் படும்படி வையுங்கள். குருட்டுத்தனமாகக் கண்ட்ரோல்-இசட் தட்டுவதைவிடப் பட்டியலில் வேண்டிய வரியைக் கிளிக் செய்வது மேல். மாஸ்க் வேலையில் பட்டியல் முழுக்க பிரஷ் டூல், பிரஷ் டூல், பிரஷ் டூல் என்று ஐம்பது வரி ஒரே பெயரில் நிற்கும். எது இறகு, எது தோள் என்று எப்படித் தெரியும்? அதற்கு வழி ஸ்னாப்ஷாட். கீழே வருகிறேன்.

பட்டியலில் எதெல்லாம் ஏறாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரஷ் அளவு, நிறம், பிரஷ்ஷின் அடர்த்தி எதுவும் ஏறாது. கறுப்பு எடுத்துப் பூசினீர்கள், தவறு, கண்ட்ரோல்-இசட். பூச்சு போய்விடும், கையில் கறுப்பு அப்படியே இருக்கும். நிறமும் திரும்பியிருக்கும் என்று நினைத்து மறுபடி பூசினால் அதே தவறுதான் விழும். லேயரின் கண் குறியை அணைப்பதும் சாதாரணமாக ஏறாது. ஹிஸ்டரி பலகத்தின் ஆப்ஷனில் அதற்கு ஒரு டிக் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, ஒரு படி அதிகமாக அன்டூ செய்வது. வேலையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள், பத்துப் பூச்சு ஆகியிருக்கிறது. சரியில்லை என்று வேகமாகத் தட்டுகிறீர்கள். பதினோராவது தட்டலில், மாஸ்க் சேர்த்ததே அன்டூ ஆகிவிடும். இப்போது அந்த லேயருக்கு மாஸ்க்கே இல்லை. கவனிக்காமல் கறுப்பைப் பூசினால் நேராகப் படத்தின் மேல்தான் விழும். நிறைய அன்டூ செய்த பிறகு ஒருமுறை லேயர் பலகத்தைப் பாருங்கள்.

மூன்றாம் படி: ரீடூ எங்கே போனது?

தம்பி விழுந்த இரண்டாம் குழி அந்த ஒற்றைப் புள்ளி. ஐம்பது படி பின்னால் போய் நிற்கும்போது முன்னால் உள்ள ஐம்பதும் பட்டியலில் மங்கலாக இருக்கும். எதையும் தொடாதவரை ரீடூ, அதாவது அன்டூ செய்ததைத் திருப்பிக் கொண்டுவருவது, மூலம் எல்லாவற்றையும் மீட்கலாம். புதிதாக ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டால் அந்த ஐம்பதும் போயிற்று. அன்டூ செய்து பழைய இடத்தில் நிற்கும்போது கை பரபரக்கும், பிரஷ்ஷைத் தொடாதீர்கள். இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பேஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு படத்தை இழுங்கள், ஜூம் செய்யுங்கள். அவை பட்டியலில் ஏறாது, ரீடூவைக் கெடுக்காது.

மூன்றாம் குழி கண்ட்ரோல்-ஒய். வேர்டிலும் எக்செல்லிலும் அது ரீடூ. பள்ளிக்கூடத்திலிருந்தே விரல் பழகிவிட்டது. ஃபோட்டோஷாப்பில் அது ப்ரூஃப் கலர்ஸ், அதாவது அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் பார்வை. அதனால்தான் நிறம் மங்கியது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுபடி கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் பழையபடி தெரியும். ஃபோட்டோஷாப்பில் ரீடூவுக்குக் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-இசட்.

யூடியூபில் பழைய பாடங்களைப் பார்த்துக் கற்றவர்களுக்குத் தனிக் குழப்பம் ஒன்று உண்டு. 2018 அக்டோபர் வரை வந்த பதிப்புகளில் கண்ட்ரோல்-இசட் கடைசி ஒரு படியை மட்டும் போட்டு எடுக்கும். பல படி பின்னால் போகக் கண்ட்ரோல்-ஆல்ட்-இசட் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அக்டோபரில் வந்த 2019 பதிப்பிலிருந்து இது தலைகீழ். கண்ட்ரோல்-இசட் பல படி போகும், கண்ட்ரோல்-ஆல்ட்-இசட் கடைசிப் படியை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும். பழைய விசையைத் தட்டிவிட்டு "முன்னும் பின்னும் ஆடுது, போகமாட்டேங்குது" என்று சொல்பவர்கள் இதில்தான் மாட்டியிருப்பார்கள். பழைய பழக்கம்தான் வேண்டும் என்றால் எடிட் மெனுவில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸில் பழைய அன்டூ விசைகளைத் திருப்பிக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: அன்டூவை விடுங்கள், எக்ஸைத் தட்டுங்கள்

இங்கேதான் நான் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அன்டூ பண்ணி என்ன கண்டீங்க? வெள்ளைய எடுங்க" என்றேன்.

மாஸ்க் போடுவதே பின்னால் திருத்திக்கொள்ளத்தான். கறுப்பு ஓரம் தாண்டிவிட்டதா? அந்த இடத்தில் வெள்ளை பூசினால் பழையபடி ஆகிவிடும். அது ஐம்பது படிக்கு முன்னால் நடந்ததா, போன வாரம் நடந்ததா என்பது பற்றிக் கவலையே இல்லை. அன்டூ செய்தால் தவறோடு சேர்த்து அதற்குப் பின் செய்த நல்ல வேலையும் போகும். வெள்ளை பூசினால் தவறு மட்டும் போகும்.

டி விசையைத் தட்டினால் நிறப் பெட்டிகள் கறுப்பு வெள்ளைக்கு வரும். எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும். இடது கை எக்ஸ் மேல், வலது கை மவுஸில். பூசு, தாண்டிவிட்டதா, எக்ஸ், திருத்து, எக்ஸ், மேலே போ. ஒரு நாள் பழகினால் கை தானாகச் செய்யும். மாஸ்க் போடும்போது நான் கண்ட்ரோல்-இசட் தொடுவது அபூர்வம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தம்பியின் படத்திலேயே பார்த்தோம். அவர் முதலில் திருத்திய இடங்களில் ஏதோ புகை படிந்தாற்போல ஒரு சாயல். வெள்ளை பூசித்தானே இருக்கிறார், பின் ஏன்? ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் பெட்டியைக் கிளிக் செய்யச் சொன்னேன். படம் மறைந்து, மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் திரை முழுக்க வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் திட்டுத்திட்டாகச் சாம்பல். பிரஷ்ஷின் ஒபாசிட்டி, அதாவது பூச்சின் அடர்த்தி, 40 சதவீதத்தில் நின்றிருக்கிறது. கறுப்பை முழு அடர்த்தியில் பூசி, வெள்ளையை அரைகுறையாகப் பூசினால் சாம்பல்தான் மிஞ்சும். இது எப்படி நேர்கிறது என்றால், பிரஷ் கையில் இருக்கும்போது எண் விசையில் விரல் பட்டாலே ஒபாசிட்டி மாறிவிடும். 4 பட்டால் 40, 0 தட்டினால் மறுபடி 100. திருத்துவதற்கு முன் 0-வைத் தட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் பார்வையிலேயே பூசவும் செய்யலாம். விட்டுப்போன ஊசிப் புள்ளிகள் எல்லாம் அதில்தான் கண்ணில் படும். காவடிக்காரரின் நெஞ்சுக்கு நடுவே பூசாமல் விட்ட வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது. படத்தில் பார்த்தபோது நிழல் என்று இருவருமே நினைத்தோம். வெளியே வர மறுபடி ஆல்ட்-கிளிக். படமும் தெரிய வேண்டும், மாஸ்க்கும் தெரிய வேண்டும் என்றால் பேக்ஸ்லாஷ் விசையை மட்டும் தட்டுங்கள், மாஸ்க்கின் கறுப்புப் பகுதி சிவப்புத் திரையாகப் படத்தின் மேல் தெரியும்.

ஐந்தாம் படி: வேலைக்கு நடுவில் கொடி நட்டு வையுங்கள்

ஹிஸ்டரி பலகத்தின் அடியில் சின்னக் கேமரா படம் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அந்த நேரத்து நிலை ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பலகத்தின் தலைப்பில் போய் உட்காரும். ஆல்ட்டோடு கிளிக் செய்தால் பெயர் கேட்கும். "வலது இறகு முடிந்தது", "தோள் முடிந்தது" என்று தமிழிலேயே எழுதுங்கள். ஐம்பது படி ஓடிப்போனாலும் ஸ்னாப்ஷாட் ஓடாது. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஒன்று. பலகத்தின் ஆப்ஷனில், கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தானாக ஸ்னாப்ஷாட் எடுக்கவும் ஒரு டிக் உண்டு. அதைப் போட்டுவிடுவது சோம்பேறிகளுக்கு நல்லது, நான் போட்டிருக்கிறேன்.

ஆனால் கோப்பை மூடினால் ஸ்னாப்ஷாட்டும் போய்விடும், ஹிஸ்டரியும் போய்விடும். நாளை மறுபடி திறந்தால் பட்டியல் புதிதாகத் தொடங்கும். நாளைக்கும் வேண்டும் என்றால் மாஸ்க்கை ஆல்ஃபா சேனலாக, அதாவது கோப்புக்குள்ளேயே ஒரு தனிப் பிரதியாக, எடுத்து வைக்க வேண்டும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் பெட்டியைக் கிளிக் செய்தால் மாஸ்க் செலக்‌ஷனாக மாறும். செலக்ட் மெனுவில் சேவ் செலக்‌ஷன் கொடுத்து, ஒரு பெயர் வைத்துவிட்டு, கண்ட்ரோல்-டி. அது சேனல் பலகத்தில் போய் நிற்கும், ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்போடு சேர்ந்து சேமிக்கப்படும். ஜேபெக்கில் சேமித்தால் லேயரும் இல்லை, மாஸ்க்கும் இல்லை, சேனலும் இல்லை. வாடிக்கையாளருக்கு ஜேபெக் கொடுங்கள், நீங்கள் பிஎஸ்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கை ரைட் கிளிக் செய்தால் அப்ளை லேயர் மாஸ்க் என்று ஒன்று வரும். கோப்பு கனமாக இருக்கிறதே என்று அதை அழுத்திவிடாதீர்கள். மறைந்திருந்த பகுதி அதோடு வெட்டப்பட்டுவிடும், அப்புறம் வெள்ளை பூச மாஸ்க்கே இருக்காது. எல்லா லேயரையும் ஒன்றாக்கும் ஃப்ளாட்டன் செய்வதும் அப்படித்தான்.

செலக்ட் அண்ட் மாஸ்க் பற்றி

முடி, இறகு, பூச்சரம் ஆகியவற்றுக்கு செலக்ட் அண்ட் மாஸ்க் என்ற தனி அறை இருக்கிறது. அதன் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை இறகு ஓரத்தில் தடவினால் கையால் பூச முடியாத இழைகளையும் ஓரளவுக்குப் பிரித்துத் தரும். உள்ளே இருக்கும்போது அன்டூ படிப்படியாகப் போகும். ஓகே கொடுத்து வெளியே வந்ததும் உள்ளே செய்த அரை மணி நேர வேலையும் சேர்ந்து ஒரே வரியாகிவிடும். ஒரு கண்ட்ரோல்-இசட் தட்டினால் அத்தனையும் ஒன்றாகப் போகும். அதனால் ஓகே கொடுத்த கையோடு ஒரு ஸ்னாப்ஷாட். அங்கே நிறக்கசிவை நீக்கும் டீகண்டாமினேட் என்ற டிக்கைப் போட்டால் படத்தின் நிறத்தையே மாற்றும், அதனால் புதிய லேயராகத்தான் வெளியே தரும். பழைய லேயரின் கண் குறி அணைந்திருக்கும், தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

வேறு மென்பொருள் வைத்திருந்தால்

கிம்ப் இலவசம், பல மாணவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கணக்கு அதேதான். அங்கே ரீடூ கண்ட்ரோல்-ஒய்தான், எனவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்கு விரல் தடுமாறும். ப்ரெஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் என்ற இடத்தில் குறைந்தபட்ச அன்டூ 5 என்று இருக்கும். ஐந்துதான் கிடைக்கும் என்று பொருளில்லை. ஒதுக்கிய நினைவகம் நிரம்பும்வரை அதிகமாகவே வைத்திருக்கும், நிரம்பினாலும் ஐந்துக்குக் குறையாது. அந்த எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். அன்டூ ஹிஸ்டரி பலகத்தில் ஒவ்வொரு படிக்கும் குட்டிப் படம் காட்டுவது எனக்குப் பிடிக்கும். கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பில் மாஸ்க் சேமிக்கப்படும், அன்டூ சேமிக்கப்படாது.

லைட்ரூம் கிளாசிக்கில் கதை வேறு. ஹிஸ்டரி, கேட்டலாக் என்ற அதன் பதிவுக் கோப்பிலேயே எழுதப்படுவதால் போன மாதம் மூடிய படத்தைத் திறந்தாலும் படிகள் அப்படியே இருக்கும். அங்கே அன்டூ பஞ்சம் அவ்வளவாக வராது. கேட்டலாக்கைத் தொலைத்தால்தான் வரும். பக்கத்தில் எழுதப்படும் எக்ஸ்எம்பி கோப்பில் திருத்தத்தின் கடைசி நிலை இருக்கும், படிகள் இருக்காது. பிரஷ்ஷில் பூசியதை அழிக்க ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு பூசினால் போதும். ஓ விசை மாஸ்க்கைக் காட்டும், மறைக்கும்.

டார்க்டேபிள் என்ற மென்பொருளில் ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். அங்கே வரைந்த ஒரு வடிவத்தை இரண்டு மாட்யூலில், அதாவது இரண்டு திருத்தக் கருவிகளில், பயன்படுத்தியிருந்தால், ஒன்றில் நகர்த்தினாலும் மற்றதிலும் நகரும். இங்கே சரி செய்தேன், அங்கே ஏன் கெட்டது என்று அன்டூ தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

கைப்பேசியில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்கள் வியூ எடிட்ஸுக்குள் போய், செய்த திருத்தத்தைத் தொட்டு, பிரஷ் படத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திருத்தத்துக்கு மட்டும் மாஸ்க் போடலாம். அங்கே வெள்ளை கறுப்புக்குப் பதில் எண். 100 வைத்துப் பூசினால் திருத்தம் ஏறும், 0 வைத்துப் பூசினால் இறங்கும். எக்ஸ் விசைக்கு அதுதான் மாற்று.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

முதலில் கையை எடுங்கள். கோப்பைச் சேமிக்காதீர்கள், மூடாதீர்கள். ஹிஸ்டரி பலகத்தைத் திறந்து மங்கலான வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் ரீடூ உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் இப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, கடைசியாகச் சேமித்த கோப்பு எப்படி இருந்தது என்று ஃபைல் மெனுவில் ரிவர்ட் கொடுத்துப் பார்க்கலாம். ரிவர்ட்டும் பட்டியலில் ஒரு வரியாகத்தான் ஏறும், பிடிக்கவில்லை என்றால் அதையும் அன்டூ செய்யலாம். இரண்டும் உதவவில்லை என்றால், மாஸ்க் உயிரோடு இருக்கும்வரை, வெள்ளையை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தம்பியும் நானும் அன்று அதைத்தான் செய்தோம். ரிவர்ட் செய்ய வழியில்லை, இரண்டு மணி நேரமாக அவர் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. இறகுகளைச் சுற்றி வெள்ளை பூசி, எக்ஸ் தட்டி, ஓரத்தில் கறுப்பை இழுத்து, மறுபடி எக்ஸ். இருபத்தைந்து நிமிடத்தில் வலது பக்கம் முடிந்தது. ஸ்னாப்ஷாட் எடுத்து, பிஎஸ்டியாகச் சேமித்துவிட்டுப் பசியாறப் போனோம்.

மாலையில் அந்தப் படத்தைக் கொடுத்த அக்கா வந்தார். திரையில் மகனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் படத்தின் இடது ஓரத்தைக் காட்டி, "அந்த இடத்துல ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்துச்சே, அது எங்க குடும்பம் போட்டதுதான். அது மட்டும் கொஞ்சம் தெரியட்டுமே" என்றார். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. டேபில் லேயர் மாஸ்க் என்று இருக்கிறதா பார்த்தார், 0-வைத் தட்டினார், கறுப்பை எடுத்துப் பந்தலின் மேல் பூசினார்.